கார் செட்டுல கருகுன பிளக்கும் சில எண்ணங்களும்

டிஸ்கி: நான் எலக்ட்ரீஷியன் இல்லீங்க. இன்ஜினியரிங் படிச்சேன், ஆனா சோறு போடுறது சாஃப்ட்வேர். இதப் படிச்சுட்டு யாரும் டெஸ்டரத் தூக்கிக்கிட்டு மெயின் போர்டுப் பக்கம் போயிடாதீங்க. லைசென்ஸ் உள்ள ஆளக் கூப்பிட்டு, அவருகிட்ட இதையெல்லாம் கேளுங்க. அம்புட்டுதான்.

மேட்டர் இதுதான். ஊர்ல, அதாவது உத்தமபாளையம் பக்கம், அப்பா ஒரு சின்ன எலக்ட்ரிக் கார் வாங்குனார். வாங்கச் சொல்லி ஆறு மாசமா நச்சரிச்சதே நாந்தான். "பெட்ரோலுக்குக் குடுக்கற காச ஈ.பி.க்குக் குடுத்தாப் போதும்ப்பா, நைட்டு செல்போன் மாதிரி சொருகி விட்டுட்டுத் தூங்குங்க"ன்னு பெரிய இவனாட்டம் டயலாக் விட்டிருந்தேன். சென்னைல ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு விடுற டயலாக்குக்கு என்ன கொறச்சல்.

எங்க வீட்டு கார் செட்டு ஒரு காலத்துல மாட்டுக் கொட்டம். தகரக் கூரை, ஒரு பக்கம் செவுரு, ரெண்டு பக்கம் தெறந்த வெளி. அங்க ஒரு பவர் பிளக் இருந்துச்சு. தாத்தா காலத்துல யாரோ வெல்டிங் வேலைக்கோ எதுக்கோ, அடுப்படி கிரைண்டர் போர்டுல இருந்து வயர் இழுத்துப் போட்டது. போன்ல அப்பா கேட்டார், "ஏண்டா, கொட்டத்து பிளக்ல போடலாமா?" நான் யோசிக்கவே இல்ல. "மூணு முள்ளு பெரிய பிளக்தானப்பா? போடுங்க."

பதினொன்னாவது நாளோ பன்னெண்டாவது நாளோ, ராத்திரி ரெண்டரை மணிக்கு அம்மாவுக்கு முழிப்பு வந்துருக்கு. பிளாஸ்டிக் தீயிற வாடை. போய்ப் பாத்தா பிளக்கு உருகி சாக்கெட்டோட ஒட்டிக்கிடக்கு, செவுத்துல ஒரு முழத்துக்குக் கரி. ஆனா கார் பாட்டுக்கு சார்ஜ் ஏறிக்கிட்டு இருக்கு. அம்மா பிளக்கத் தொடல. நேரா உள்ள போயி மெயின ஆஃப் பண்ணிட்டு அப்பறம்தான் அப்பாவ எழுப்பியிருக்காங்க. என்னோட டிகிரிய விட அம்மாவோட மூக்குதான் அன்னிக்கு வேலை செஞ்சுது. அதே செட்டுல பத்தடி தள்ளி வைக்கோல் கெடந்துச்சு. அத நெனச்சா இப்பவும் வயித்தக் கலக்குது.

அதுக்கப்பறம் ஒரு மாசம் ஆபீஸ் வேலைய விட இதத்தான் அதிகமாப் படிச்சேன். அதுல வந்த கருத்துதான் இந்தப் பதிவு.

மொதல்ல ஒரு குழப்பத்தத் தீர்த்துடறேன். வீட்டு கராஜ்ல எந்த பிளக் போடறதுன்னு தேடுனா வர்ற வீடியோவெல்லாம் அமெரிக்காக்காரன் போட்டது. "ஹை வோல்டேஜ் அவுட்லெட் போடுங்க, 240 வோல்ட் லைன் இழுங்க"ன்னு அடிச்சுச் சொல்றான். நியூஜெர்சில இருக்கற நம்ம மாப்ள ஒருத்தனும் இதையே சொன்னான். "மாப்ள, மொதல்ல கராஜுக்கு 240 வோல்ட் போடச் சொல்லுடா". டேய், நம்ம ஊர்ல கொசுவத்தி மெஷின் சொருகுற ஓட்டையிலயே 230 வோல்ட்தாண்டா வருது! அவங்க ஊர்ல சாதா பிளக்ல 120 வோல்ட். அதனால பெரிய சாமானுக்கெல்லாம் ரெண்டு லைன் சேத்து 240 எடுக்கணும், அதுக்குன்னு நாலு முள்ளு வச்ச 50 ஆம்ப்ஸ் பிளக் தனியா இருக்கு. அந்தப் பிரச்சனை நமக்குக் கெடையவே கெடையாது. நமக்கு வோல்டேஜ் போர்டுலயே இருக்கு, பிரச்சனை கரண்டுல. அதவிட, அந்தக் கரண்ட எத்தன மணி நேரம் இழுக்கறோங்கறதுல.

ஒரு கணக்கு. பயப்படாதீங்க, சின்னதுதான்.

15 ஆம்ப்ஸ் பிளக்ல சார்ஜ் பண்ற சின்ன கார் சுமாரா 3.3 கிலோவாட் இழுக்கும். 230-ஆல வகுத்தா 14 ஆம்ப்ஸுக்கு மேல. இப்ப நம்ம வீட்டுல மத்ததெல்லாம் எவ்வளவு இழுக்குதுன்னு பாருங்க. 2 கிலோவாட் கீசர் 9 ஆம்ப்ஸ் கூட வராது, அதுவும் கால் மணி நேரத்துல ஆஃப் ஆயிடும். ஒன்றரை டன் ஏசி ஏழு ஆம்ப்ஸ் சுத்தி. அயர்ன் பாக்ஸ் நிமிஷத்துக்கு ஒரு தடவ அணைஞ்சு அணைஞ்சு எரியும். இதுங்களுக்குப் போட்ட பிளக் இருபது வருஷம் ஒழைக்கும். கார் மட்டும் 14 ஆம்ப்ஸ ஏழெட்டு மணி நேரம் மூச்சு விடாம இழுக்கும். தினமும்.

பிளக் முள்ளும் சாக்கெட்டும் தொடுற எடத்துல கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் இருக்கும். சாக்கெட் பழசாகி உள்ள இருக்கற பித்தளை லூசாயிட்டா அது கூடும். சும்மா 0.05 ஓம்னு வச்சுக்கங்க. 14 ஆம்ப்ஸ் போனா அந்த ஒரு முள்ளுல மட்டும் பத்து வாட் சூடு. சுண்டு விரல் தண்டி எடத்துல பத்து வாட்! ஏழு ஆம்ப்ஸ் போனா அதுல கால்வாசிதான், ரெண்டரை வாட். கரண்ட் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு. பன்னெண்டாம் கிளாஸ்ல மனப்பாடம் பண்ணி மார்க் வாங்குன ஃபார்முலாதான். வீட்டுச் செவுத்துல கரி அப்புனப்பதான் அதுக்கு அர்த்தம் புரிஞ்சுது. சூடு ஏறுனா பித்தளை இன்னும் தளரும், தளந்தா இன்னும் சூடு. எம்.சி.பி.க்கு இது தெரியவே தெரியாது, ஏன்னா கரண்ட் அளவுக்குள்ளதான் இருக்கு. கார் பாட்டுக்கு சார்ஜ் ஏறுனது இதனாலதான்.

இந்த மூணு உருண்ட முள்ளு பிளக் நாம கண்டுபிடிச்சதில்ல. வெள்ளக்காரன் 1934-ல போட்ட தரம். அவனே 1947-ல சதுர முள்ளு பிளக்குக்கு மாறிட்டான். நாமளும் தென்னாப்பிரிக்காவும் இன்னும் சில ஊர்க்காரங்களும் உருண்டையிலயே நின்னுட்டோம். அத நான் கொற சொல்லல. நல்ல கம்பெனி சாக்கெட், நல்ல முள்ளு, புதுசு, டைட்டா இருந்தா அது தாங்கும். "நாங்களும் அதுலதான் போடறோம், ரெண்டு வருஷமா ஒண்ணும் ஆகல"ன்னு சொல்ற நண்பர்கள் பொய் சொல்லல. ஆனா நம்ம ஊர் கடைல "15 ஆம்ப்ஸ் சாக்கெட் குடுங்கண்ணே"ன்னா எது வருதுன்னு யாருக்குத் தெரியும்? உருகுன சாக்கெட்ட எடுத்துட்டு ஒரு கடைக்குப் போனேன், பேரு வேண்டாம். "அதே ஐட்டம்தான் தம்பி, இது கொஞ்சம் வெல கம்மி"ன்னு ஒண்ண எடுத்து நீட்டுனார். ஐ.எஸ்.ஐ. முத்திரை எங்கண்ணேன்னு கேட்டேன். டப்பாவத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இருந்துச்சே..."ன்னார். :-)

சரி, வேற என்ன போடலாம்? நீங்க ஃபேக்டரி, கல்யாண மண்டப ஜெனரேட்டர், வீரபாண்டித் திருவிழா ராட்டினம் இங்கல்லாம் நீலக் கலர்லயோ செவப்புக் கலர்லயோ குண்டா, மூடி வச்ச பிளக் பாத்துருப்பீங்க. இண்டஸ்ட்ரியல் பிளக்னு சொல்வாங்க. நீலம்னா 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ், செவப்புன்னா 400 வோல்ட் த்ரீ ஃபேஸ். உலகம் பூரா இதே கலர்தான். 16 ஆம்ப்ஸ், 32 ஆம்ப்ஸ்னு சைஸ் உண்டு. 16-ங்கறத 32-ல சொருக முடியாது, 32-ங்கறத 16-லயும் சொருக முடியாது. எர்த் முள்ளு மத்தத விடத் தடியா இருக்கும், எடமும் மாத்தி வச்சிருப்பாங்க. மூடி இருக்கறதால சாரலுக்கும் பயமில்ல. நம்ம பள்ளத்தாக்குல ஆடிக்காத்து அடிக்கறப்ப மழ மேல இருந்தா பெய்யுது? பக்கவாட்டுலல்ல வரும். தெறந்த செட்டுக்கு இதுதான் லாயக்கு.

இது என் சொந்த சரக்குன்னு நெனச்சுடாதீங்க. 2017-ல மத்திய அரசு கமிட்டி 'பாரத் ஏசி-001'னு பொது சார்ஜருக்கு ஒரு தரம் கொண்டு வந்துச்சு. 15 ஆம்ப்ஸ், 3.3 கிலோவாட், அதாவது நம்ம வீட்டு சார்ஜிங் அளவேதான். அதுக்கு அவங்க எடுத்த சாக்கெட் எது? செவுத்து பவர் பிளக் இல்ல, இந்த இண்டஸ்ட்ரியல் சாக்கெட்தான். அப்பறம் 2019-ல மத்திய மின்சார ஆணையம் பாதுகாப்பு விதிகள்ல திருத்தம் பண்ணி, சார்ஜிங் சாக்கெட் தரையில இருந்து 800 மில்லிமீட்டராவது ஒசரத்துல இருக்கணும், எக்ஸ்டென்ஷன் வயர் போடக் கூடாதுன்னு எழுதுனாங்க. எங்க வீட்டு பிளக் மொழங்கால் ஒசரத்துல இருந்துச்சுங்கறதையும் சொல்லிடறேன்.

அமெரிக்கா மாப்ளைக்கு ஒரு ஆறுதல். அவங்க ஊர்லயும் இதே கதைதான். நாலு முள்ளு பிளக்ல வெல கம்மியானது கரண்டு அடுப்புக்குன்னு செஞ்சது. அடுப்பு எரியும், அணையும். அதுல ராத்திரி பூரா கார சொருகி வச்சு உருகுன கதைங்க அங்கயும் ஏகப்பட்டது. காசு இருக்கற ஊர், இல்லாத ஊர்னு பித்தளைக்குத் தெரியுமா என்ன.

இதுக்கும் மேல ஒரு வழி இருக்கு. பிளக்கே இல்லாம, செவுத்துல மாட்டுற சார்ஜருக்கு நேரா வயரக் குடுத்துடறது. சொருகுற எடமே இல்லன்னா தளர்றதுக்கு என்ன இருக்கு? காசு இருந்தா அதுதான் உத்தமம்.

பிளக்க மட்டும் மாத்துனாப் போதுமான்னா, போதாது. இங்கதான் நம்ம வயர்மேன் அண்ணன் உள்ள வர்றார். அறுபது வயசு இருக்கும், எங்க ஊர்ல பாதி வீட்டுக்கு வயரிங் அவருதான். கிரைண்டர் போர்டுல இருந்து செட்டுக்கு வந்த வயர உருவிப் பாத்துட்டு, "தம்பி, இது ஒன்றரை எம்.எம். லைட்டுக்குப் போடுறது. இதுலயா காரு?"ன்னார். சுமாரா முப்பது மீட்டர் ஓட்டம். போக வர அறுபது மீட்டர் செம்பு. ஒன்றரை ஸ்கொயர் வயர்ல 15 ஆம்ப்ஸ் போனா வழியிலயே பதினோரு வோல்ட் காணாமப் போகும், அதாவது நூத்தி அறுபது வாட் செவுத்துக்குள்ள சூடாப் போகுது. நாலு ஸ்கொயர் போட்டா நாலு வோல்ட்தான். வயர்ல மிச்சம் புடிக்கறவங்கள எனக்குப் புரியவே மாட்டேங்குது. லட்சக்கணக்குல கார், அதுக்கு முப்பது மீட்டர் வயர்ல கஞ்சத்தனம். (நானும் அந்த லிஸ்ட்லதான் இருந்தேன், ஹிஹி.)

எர்த் இன்னும் மோசம். எங்க வீட்டு எர்த் குழி இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி கரியும் உப்பும் போட்டு மூடுனது. அதுக்கப்பறம் அதுல யாரும் ஒரு கொடம் தண்ணி ஊத்துனதில்ல. அண்ணன் தோண்டிப் பாத்தா, வயர் துருப்புடிச்சு குழாய விட்டே வந்துருச்சு. மூணாவது முள்ளு வெறும் அலங்காரம். எர்த் இல்லாத வீட்டுல தெறந்த செட்டுல ஈரத் தரைல நின்னுக்கிட்டு கார் கதவத் தொடற ஆளு எங்கப்பா. செருப்புக் கூடப் போட மாட்டார். புதுக் குழி தோண்டி, செட்டுக்குன்னு தனி லைன், தனி எம்.சி.பி., 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்.சி.சி.பி. போட்டோம். அதுலயும் சாதா டைப் ஏசி வாங்காதீங்க, குறைஞ்சது டைப் ஏ கேட்டு வாங்குங்க. காருக்குள்ள இருக்கற எலக்ட்ரானிக்ஸ்ல லீக் ஆனா அது சுத்தமான ஏசியா இருக்காது, பழைய டைப்புக்கு அது கண்ணுலயே படாமப் போகலாம்.

இப்ப சண்டைக்கு வர்ற விஷயத்துக்கு வர்றேன். ஊர்ல யாரக் கேட்டாலும் ஒரே பாட்டு: "த்ரீ ஃபேஸ் வாங்கிப் போட்டுருப்பா, கவலையே இல்ல". நம்ம பக்கம் தோட்டத்து மோட்டாருக்கெல்லாம் த்ரீ ஃபேஸ் பாத்து வளந்தவங்க. திராட்சத் தோட்டமோ தென்னந்தோப்போ, த்ரீ ஃபேஸ் எப்ப வரும்னு முழிச்சுக் கெடந்த பரம்பரை. அதனால அது மேல ஒரு பக்தி. ஆனா சின்ன கார்ல இருக்கற சார்ஜர் சிங்கிள் ஃபேஸ்தான். அதுக்கு மூணு ஃபேஸக் காட்டுனாலும் ஒண்ணத்தான் திங்கும். வீட்டு லோடு அதிகமாகி, ஈ.பி.ல எழுதிக் குடுத்த அளவத் தாண்டுதுன்னா முறையா எழுதிக் குடுத்து மாத்திக்கங்க, அது வேற. கார் சீக்கிரம் ஏறும்னு மட்டும் நெனச்சு மாத்தாதீங்க.

த்ரீ ஃபேஸ் வீட்டுல நாம பண்ற இன்னொரு கூத்து இருக்கு. ஒரு ஃபேஸ் போச்சுன்னா சுவிட்சத் திருப்பி எல்லாத்தையும் இருக்கற ஃபேஸ்ல தள்ளி விடறது. ஃபேன், லைட்டோட நின்னா சரி. அதே ஃபேஸ்ல கார் 14 ஆம்ப்ஸ், கூட மோட்டார், ஃப்ரிட்ஜ் எல்லாம் ஏறுனா? அப்பறம் நியூட்ரல். காத்துக் காலத்துல போஸ்ட்ல நியூட்ரல் அறுந்து தெருவுல இருக்கற டிவி எல்லாம் புகைஞ்ச கத உங்க ஊர்லயும் இருக்கும். நியூட்ரல் போனா ஒரு வீட்டுக்கு 100 வோல்ட், பக்கத்து வீட்டுக்கு 350-ன்னு இஷ்டத்துக்கு வரும். ஓவர் வோல்டேஜ்ல கட் பண்ற ஒரு சின்ன சாமான் கடைல கெடைக்குது, செட்டு லைன்ல அதையும் மாட்டிடுங்க.

இதுல எனக்கு ஒரு வேடிக்கை. குமுளி ரோட்டுல ஏறுறப்ப மலைலருந்து எறங்குற அந்தப் பெரிய பெரிய குழாய்ங்களப் பாத்துருப்பீங்க. 1895-ல கட்டி முடிச்ச முல்லைப் பெரியாறு அணைத் தண்ணி அதுல விழுந்து லோயர் கேம்ப்ல கரண்டா மாறுது. அந்த மின் நிலையம் வந்தது 1950-கள் கடைசில. அந்தப் பக்கம் ஆண்டிபட்டி போனா காத்தாடியா நிக்குது. தண்ணிலயும் காத்துலயும் கரண்ட் எடுத்து ஊருக்கே அனுப்புற பள்ளத்தாக்கு இது. அந்தக் கரண்ட் மலை எறங்கி, டவர் ஏறி, டிரான்ஸ்ஃபார்மர் மாறி, எங்க செட்டு வரைக்கும் பத்திரமா வந்து, கடைசி அரை இஞ்சுல, ஒரு ஓட்ட சாக்கெட்டுல தீப்புடிக்குது.

கடைசியா ஒரு கருத்து, இதுக்குத் திட்டு விழும்னு தெரியும். 32 ஆம்ப்ஸ், 7.2 கிலோவாட் சார்ஜர் நம்ம ஊர் வீட்டுல முக்கால்வாசிப் பேருக்குத் தேவையே இல்ல. அப்பா ஒரு நாளைக்கு ஓட்டறது அதிகபட்சம் தேனி போயிட்டு வர்ற அறுபது கிலோமீட்டர். அதுக்கு எட்டு யூனிட் போதும். 10 ஆம்ப்ஸ்ல வச்சாலே மணிக்கு 2.3 யூனிட், நாலு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுது. ராத்திரி எட்டு மணி நேரம் தூங்கற மனுசனுக்கு எதுக்கு அவசரம்? 14-ல இருந்து 10-க்கு எறக்குனா முள்ளுல சூடு பாதியாயிடும், மேல சொன்ன அதே ஃபார்முலா. நெறைய சார்ஜிங் கேபிள்ல கரண்ட்டக் கொறைக்க பட்டன் இருக்கு, இல்லன்னா கார் செட்டிங்ஸ்ல இருக்கும். யாரும் தொடறதில்ல. "காசு குடுத்தாச்சுல்ல, ஃபுல் ஸ்பீடுல ஏறட்டும்". தெனம் நூத்தம்பது கிலோமீட்டர் ஓட்டறவங்க, டாக்சி ஓட்டறவங்க 32 போடுங்க, அதுக்கேத்த 6 ஸ்கொயர் வயரோட போடுங்க. மத்தவங்க சும்மா பெருமைக்குப் போடாதீங்க.

எங்க வீட்டுல கடைசியா மாட்டுனது நீல 16 ஆம்ப்ஸ் சாக்கெட், நெஞ்சு ஒசரத்துல. அதே நீல பிளக்கோட வர்ற சார்ஜிங் கேபிள் ஒண்ணு தனியா வாங்கிட்டேன். காரோட வந்த கேபிள் டிக்கியில கெடக்கு, வெளியூருக்கு. முள்ள வெட்டி வேற பிளக் மாட்டலாம்னு அண்ணன் சொன்னார், வாரண்டி போயிடும்னு நாந்தான் வேண்டாம்னேன். 10 ஆம்ப்ஸ்ல வச்சு அந்த பட்டன் மேல டேப் ஒட்டியாச்சு. வைக்கோல வேற எடத்துக்கு மாத்தியாச்சு.

அப்பா புது சாக்கெட்ட சுத்திச் சுத்திப் பாத்துட்டு, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமுல்லடா?"ன்னார். ஒண்ணும் சொல்லல நான்.

அம்மா இப்பவும் ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி செட்டுக்குப் போயி, பொறங்கைய அந்த நீல மூடி மேல வச்சுப் பாத்துட்டுதான் வர்றாங்க. நேத்து போன்ல கேட்டேன். "வெதுவெதுன்னு கூட இல்லப்பா, நீ தூங்கு"ன்னாங்க.